ஒரே வயரில் இரண்டு சென்சார்

மீட்டர்காரருக்கு வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: சரி.

வாழ்நாள் முழுவதும் யாருக்கும் லேசில் சரி சொல்லாத மனிதர் அவர். நீரேற்று நிலையத்தில் மேலதிகாரியே வந்து நின்றாலும், "இருங்க சார், இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். மனைவி புதுத் திரைச்சீலை வாங்கிக்கொண்டு வந்து எப்படி என்று கேட்டால், வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். மகள் தன் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு நின்றபோதுகூட, பையனை இன்னொரு முறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு பார்வையில் எதையும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து, வலப்பக்கம் கையும் காலும் விழுந்து, தலைக்குள் இருந்த சொற்களையெல்லாம் யாரோ வழித்துக்கொண்டு போனபோது, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விதிக்கும் கிண்டல் தெரியும் போலிருக்கிறது.

டீ வேண்டுமா என்று கேட்டால் "சரி" என்பார். வேண்டாமா என்று கேட்டாலும் "சரி" என்பார். தலையும் அப்படித்தான், யார் எதைக் கேட்டாலும் மேலும் கீழுமாக ஆடும். எழுதிக் காட்டலாம் என்றால் வலக்கை போய்விட்டது. இடக்கை கிறுக்கியதை அவராலேயே படிக்க முடியவில்லை. மருத்துவமனையில் படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். டம்ளர் படத்தைத் தொட நினைத்து விரலை நீட்டுவார். அது போய்ச் செருப்புப் படத்தின்மேல் உட்காரும். மனைவி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். உள்ளே புத்தி மட்டும் பழையபடி தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு டீச்சரம்மா இருந்தாள். சின்ன வயசு, பெரிய வயிறு, பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே வீட்டுக்காரர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அந்தச் சரியைக் கணக்குலயே எடுத்துக்காதீங்க. அது அவர் சொல்றதில்ல, வாய் தானா சொல்றது. அழுகையும் அப்படித்தான், சில சமயம் சும்மாவே வரும். ஆனா உள்ள எல்லாம் புரியுது அவருக்கு. என்ன நினைக்கறார்னு நீங்கதான் பக்கத்துல இருந்து கண்டுபிடிக்கணும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது. இதைக் கேட்டதும் மீட்டர்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆயுளில் பாதியை அவர் அதற்குத்தானே கொடுத்திருந்தார்!

நீரேற்று நிலையத்தில் அவர் பொறுப்பில் இருந்தது ஊருக்கே தண்ணீர் போகும் பெரிய தொட்டி. மூடிய தொட்டி. எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று நினைத்தபோதெல்லாம் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டு சென்சார்கள் சொல்வதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஒன்று கீழே, தொட்டியின் அடிப்பக்கத்துக் குழாயில். தன்மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும். நிதானமானது, பதறாது. ஆனால் நாளாக நாளாக வண்டல் சேர்ந்து, தனக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். இன்னொன்று மேலே, கூரையில். கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துச் சொல்லும். அதற்கு வண்டல் பயம் கிடையாது. ஆனால் கொஞ்சம் அலை அடித்தாலும் துள்ளும், நுரை பொங்கினால் நுரையையே தண்ணீர் என்று நம்பிவிடும். இரண்டும் ஒரு நாளும் ஒரே எண்ணைச் சொன்னதில்லை. ஒன்று தடுமாறும்போது மற்றொன்றை வைத்து அதைத் திருத்தி, உண்மைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைப் பிடிப்பதுதான் மீட்டர்காரரின் பிழைப்பு.

இரண்டுக்கும் வித்தியாசம் மிஞ்சிப்போனால் கட்டுப்பாட்டு அறையில் மணி அலறும். அடிக்கடி அலறும். ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க அந்த மணி வாயே திறக்கவில்லை. இரண்டு திரையிலும் ஒரே எண், கடைசிப் புள்ளி வரைக்கும். எல்லோருக்கும் பரம சந்தோஷம். மீட்டர்காரரும்தான் அந்த வாரம் மத்தியானத்தில் கால் நீட்டித் தூங்கினார். கடைசியில் தொட்டி வழிந்து, தெருவெல்லாம் வெள்ளமாகி, எதிர்ப்பக்கத்துச் சலூன்காரர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து கதவை இடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மணித்தொல்லை தாங்காத ஷிஃப்ட்காரர் ஒருவர், கீழ் சென்சாரின் வயரையே இரண்டு திரைக்கும் கொடுத்துவிட்டிருந்தார். அதுதான் துள்ளாத பிள்ளையாம். வண்டலில் அடைபட்ட கீழ் சென்சார் "பாதி, பாதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கூரையில் உட்கார்ந்துகொண்டு மேல் சென்சார் போட்ட கூச்சல் யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மீட்டர்காரர் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. "ரெண்டு பேர் அச்சா ஒரே மாதிரி பேசினாங்கன்னா, அங்க ரெண்டு பேர் பேசலைன்னு அர்த்தம். ஒருத்தர்தான் பேசறார்" என்று முடிப்பார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா, பெரிய கண்டுபிடிப்பு. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா மட்டும் இவருக்குச் சொல்லத் தெரியாது" என்பாள்.

அவர் படுத்த பிறகு, ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வந்து இறங்கினாள். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போனபின் வேறு ஊரில் தனியாக இருந்தவள். தம்பிக்கு இப்படி ஆனது என்றதும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் மீட்டர்காரரின் மனைவிக்கும் கல்யாண நாளிலிருந்தே ஆகாது. ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் மற்றவள் மூடுவாள். ஒருத்தி விளக்கைப் போட்டால் மற்றவள் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவாள்.

மாடி வீடு. கூடத்தில் ஒரு பக்கம் தையல் மெஷின், இன்னொரு பக்கம் அவர் கட்டில். வலப்பக்கம் சுவர். தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் மனைவி உட்காருவாள், அவர் முகத்துக்கு நேராக. அக்காவுக்கு வேறு இடம் இல்லாததால் கட்டிலின் இடப்பக்கம், அவருடைய நல்ல கை அவள் மடியில் கிடக்கும். யாரும் திட்டம் போட்டு உட்காரவில்லை, இடம் அப்படி. ஆனால் மீட்டர்காரர் பார்த்ததும் புரிந்துகொண்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று.

மனைவி முகத்தைப் படிப்பாள். புருவம் சுருங்கினால் வலி, கண் அலைந்தால் பசி, உதடு துடித்தால் வருத்தம். எதையும் உடனே பிடித்துவிடுவாள். கூடவே, இல்லாததையும் பிடித்துவிடுவாள். கொட்டாவி விட்டால்கூட "என்னங்க, மூச்சு முட்டுதா?" என்று எழுந்துவிடுவாள். அக்கா முகத்தைப் பார்க்கவே மாட்டாள், ஜன்னல் வழியே தெருவைத்தான் பார்ப்பாள். ஆனால் அவர் கை அவள் கையில் இருக்கும். கை தளர்ந்தால் அவருக்கு விருப்பமில்லை. அவள் விரலைப் பிடித்து இறுக்கினால் அவருக்கு அது வேண்டும். அவளுக்குப் புரிய நேரம் எடுக்கும், சில நாள் பழைய நினைப்பிலேயே இருந்துவிடுவாள். ஆனால் சும்மா பதற மாட்டாள்.

சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? பயிற்சிக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு ரகளை நடக்கும்.

"பாருங்க அண்ணி, கன்னமெல்லாம் கண்ணீர். எதுக்கு இந்த வதை? படுத்துக் கிடக்கற மனுஷனை ஸ்கூல் பையன் மாதிரி உட்கார வெச்சு, 'இ' சொல்லு, 'உ' சொல்லுன்னு."

"நீ ஏன் கண்ணைப் பார்க்கறே? கையைப் பாரு. என் விரல் ஒடிஞ்சிடும் போல இருக்கு. சின்ன வயசுல சைக்கிள் கத்துக்கறப்பவும் இப்படித்தான். அழுதுகிட்டே ஓட்டுவான், ஹேண்டிலை மட்டும் விட மாட்டான். அவனுக்குப் போகணும்."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். கூடவே வாழ்ந்த எனக்கு எதுவும் தெரியாது."

"உனக்கு முன்னாடியே எனக்கு அவனைத் தெரியும்மா."

வார்த்தை தடிக்கும். பாத்திரங்கள் உரக்க வைக்கப்படும். பிறகு, யாரும் விட்டுக்கொடுக்க முடியாமல், ஒரு நாள் பயிற்சி, ஒரு நாள் ஓய்வு என்று முடிவாகும். மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு, அடடா என்று நினைத்துக்கொள்வார். அவருக்குப் பயிற்சி வேண்டும், உயிரே போனாலும் வேண்டும். ஆனால் தினமும் போனால் உடம்பு தாங்காது என்பதும் உண்மை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நடுவில் விழுந்தது அவர் மனதில் இருந்ததேதான். எந்தப் பெண்மணியையும் தனியாக விட்டிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

பயிற்சி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அங்கே ஒரு சொல் தயாராகிக்கொண்டிருந்தது. முதலில் எந்தச் சொல்லைப் பழகலாம் என்று கேட்டபோது, அம்மா, தண்ணி, வலி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீச்சரம்மா எதையும் ஏற்கவில்லை.

"'இல்ல'ங்கற சொல்தான் முதல்ல. இவருக்கு இல்லைன்னு சொல்ல வந்துட்டா, அப்புறம் இவர் சொல்ற சரிக்கும் மதிப்பு வந்துடும்."

மீட்டர்காரருக்கு அவளை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. கண்ணாடி முன் உட்கார்ந்து, அரைவாசி தொங்கிய வாயைப் பார்த்தபடி, பல்லைக் காட்டி, மூச்சைத் தள்ளித் தள்ளி, சட்டை நனைய முயன்றார். ஒரு நாள் வந்தேவிட்டது. முழுச் சொல் இல்லை. "இ…" அவ்வளவுதான். வால்வு கசிகிற மாதிரி ஒரு சத்தம். டீச்சரம்மா கை தட்டினாள். அவர் அழுதார். அது மட்டும் நிஜ அழுகை.

அடுத்த வாரமே அவள் பிரசவ லீவில் போய்விட்டாள். வந்த புது ஆள் நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். அறையில் காற்றாடி வேறு ஓடவில்லை. மீட்டர்காரருக்கு மூச்சு வாங்கியது, நினைத்தபோதெல்லாம் கண்ணீர் கொட்டியது. வீட்டில் சண்டை முன்னைவிடப் பலமானது.

அப்படி ஒரு சண்டை உச்சத்தில் இருந்தபோதுதான் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வேலை பார்ப்பது கண்காணாத தூரத்தில். போனை எடுத்தவர்கள் சண்டையை நிறுத்த மறந்துவிட்டார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு மகள் அழுதுவிட்டாள்.

"அப்பா தலைமேல நின்னு இப்படியா கத்துவீங்க? அம்மா, நீதான் விட்டுக்கொடேன். அத்தை, நீங்களாவது… ரெண்டு பேரும் என் தலைமேல அடிச்சு ஒண்ணு சொல்லுங்க. இனிமே எதுவா இருந்தாலும், தனித்தனியா ஆளுக்கொண்ணு சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் பேசி, ஒரே முடிவா சொல்லணும். அப்பாவுக்கு அதுதான் நிம்மதி."

பெற்ற பிள்ளை அழுதால் யாருக்குத்தான் தாங்கும்? அன்று சாயங்காலம் மனைவி அக்காவுக்குச் சர்க்கரை குறைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அக்கா மெஷின் பக்கம் போய், கண் சரியாகத் தெரியாத தம்பி மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் ஆகாமல் இருந்த இரண்டு பேர், பழைய கதை பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், மீட்டர்காரருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மணி அடிக்காத வாரத்தில் தூங்கியதைப் போலவே மறுநாள் மத்தியானமும் நன்றாகத் தூங்கினார்.

கொஞ்ச நாளில் புரிந்தது. அக்கா இப்போது கட்டிலில் உட்காருவதில்லை. மெஷின் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு பித்தான் தைத்துக்கொடுக்கிறாள். அவர் கை போர்வைமேல் சும்மா கிடக்கிறது. மனைவி அங்கிருந்தே அவர் முகத்தைப் பார்ப்பாள்.

"அண்ணி, இவருக்குக் குளிருது போல இருக்கே?"

"உனக்கு அப்படித் தோணுதா? அப்போ அப்படித்தான் இருக்கும்."

வெயில் காலத்தில் கழுத்துவரை போர்த்தினார்கள். "இப்ப சரியா இருக்குங்களா?" என்று மனைவி கேட்டாள். "சரி" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டார்கள். அவர் உள்ளே வெந்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் இந்த இடத்தில் அக்கா, "குளிராவது ஒண்ணாவது, கை கொதிக்குது பாரு" என்று போர்வையை இழுத்து எறிந்திருப்பாள். ரேடியோ சத்தம், ஜன்னல் வெளிச்சம், தலையணை உயரம் எல்லாம் இதே கதைதான். அவர் சொல்வதாக அவர்கள் நினைத்தது வேறு, அவர் சொன்னது வேறு. ஆனால் இப்போது சந்தேகப்பட ஆளில்லை. ஒருத்திக்குத் தோன்றியதை மற்றவளும் சொன்னாள். அதைக் கேட்டு முதலில் சொன்னவளுக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. டீச்சரம்மா எச்சரித்த அந்தச் "சரி"யையும் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தோன்றியதோடு அதுவும் எப்போதும் ஒத்துப்போயிற்றே!

பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. அதையும் நிறுத்துவதைப் பற்றி இருவரும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

மீட்டர்காரருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இந்த இரண்டு பெண்களையும் மறுபடி சண்டை போட வைக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். வாயும் இல்லாமல், கையும் காலும் பாதி இல்லாமல், ஒரு வீட்டில் கலகம் மூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கோள் சொல்ல முடியாது, ஒருத்தியைப் பற்றி மற்றவளிடம் முகம் சுளிக்கவும் முடியாது. சுளித்தால் வலி என்று எண்ணெயோடு வந்துவிடுவார்கள். யோசித்து யோசித்து, அக்கா ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறப்பதில்லை, மனைவி நீட்டினால் உடனே திறப்பது என்று வைத்துக்கொண்டார். பழைய அக்காவாக இருந்தால் முதல் வேளையிலேயே "நல்லா மயக்கி வெச்சிருக்கே அவனை" என்று ஆரம்பித்திருப்பாள். இந்த அக்கா ஸ்பூனைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, "நீயே கொடும்மா, உன் கையால கொடுத்தா ரெண்டு வாய் கூடச் சாப்பிடறான்" என்று எழுந்து போனாள்.

அடுத்து டீயைத் தட்டிவிட்டார். அக்கா கொண்டுவந்து வைத்த டீ, மனைவி யாருக்கோ தைத்து முடித்து மடித்து வைத்திருந்த வெள்ளைக் கவுன்மேல் நன்றாகக் கொட்டியது. குறி தப்பவில்லை. படுத்த நாளிலிருந்து அவர் நினைத்தபடி நடந்த முதல் காரியம் அதுதான். டீயை ஏன் அங்கே வைத்தாய் என்று ஒருத்தி, துணியை ஏன் அங்கே வைத்தாய் என்று மற்றவள், இதோ கிளம்பப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இருவரும் "ஐயோ, என் தப்பு", "இல்ல, என் தப்பு" என்று போட்டி போட்டுக்கொண்டு துணியை அலசப் போய்விட்டார்கள். குளியலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வேறு வந்தது.

துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து, கை துடைத்தபடி மனைவி அக்காவிடம் சொன்னாள்.

"தண்ணின்னதும் ஞாபகம் வருது அண்ணி. இவர் தொட்டிக் கதை சொல்லுவாரே, கேட்டிருக்கீங்களா?"

மீட்டர்காரர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மேல் சென்சார், கீழ் சென்சார், அலறும் மணி, தூக்கம் கெட்ட ஷிஃப்ட்காரர், இரண்டு திரையிலும் ஒரே எண், சலூன்காரரின் சுருட்டிய பேன்ட். அவர் சொல்லும்போது தலையைக்கூடத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் காதில் வாங்கித்தான் இருந்திருக்கிறாள். அந்தக் கணத்தில் அவள்மேல் அவருக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. இன்னும் ஓர் அடி, ஒரே ஓர் அடி வைத்துவிடு என்று உள்ளே கெஞ்சினார். கண்ணை அகல விரித்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி, ஒரு விரலால் அவளையும், பிறகு அக்காவையும் காட்டினார். ஆச்சரியம், விரல் இந்த முறை சரியான இடத்துக்கே போயிற்று.

"பாருங்க அண்ணி, நம்ம ரெண்டு பேரையும் காட்டறார்!" மனைவி குதூகலமாகச் சொன்னாள். "ஆமாங்க, புரியுது. ரெண்டும் சண்டை போட்டதாலதானே அந்த ஆள் வயரைப் பிடுங்கினான். அதனால நாங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒத்துமையா இருக்கணும்னு சொல்றார்."

"அதுக்குத்தான் அழறான் பாரு" என்றாள் அக்கா, தானும் கண் கலங்கி.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கத்த வாயைத் திறந்தார். "சரி, சரி, சரி" என்று வந்தது.

ஸ்பூன் விஷயம் மட்டும் வேலை செய்திருந்தது, ஆனால் அவர் நினைத்த பக்கம் இல்லை. ஒரு வாரத்தில் அக்கா கட்டிலுக்கடியிலிருந்து தன் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"என் கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்கறான்மா. என்னைப் பார்த்தா அவனுக்குக் கஷ்டமா இருக்கு போல. நீ தனியா பார்த்துக்கறதைத்தான் அவன் விரும்பறான்."

மனைவி முதலில் மறுத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்போது பயம் இருந்தது. அவளுக்கு அது தர்மசங்கடமாகத் தெரிந்தது. "எனக்கும் சில சமயம் அப்படித் தோணுது அண்ணி" என்றாள் மெதுவாக.

அக்கா போனால் பயிற்சியும் போயிற்று. பழுதான லிஃப்ட், மாடிப்படி, சக்கர நாற்காலி, வாடகை வண்டி, எல்லாம் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அவருடைய நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று மையத்திலிருந்து வேறு சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளையும் வீடியோவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசினார்கள். அழுகை, களைப்பு, புது ஆளின் அவசரம், எல்லாம் அடிபட்டது. மூவருக்கும் ஒரே எண்ணம்தான். மகள்தான் கடைசியில், "அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"அப்பா, ரொம்பக் கஷ்டப்பட்டீங்கப்பா. பயிற்சியை நிறுத்திடலாமாப்பா?"

மீட்டர்காரர் கண்ணாடி முன் கற்றுக்கொண்டதையெல்லாம் திரட்டினார். பல்லைக் காட்டினார். நாக்கை மேலே தூக்கினார். மூச்சைத் தள்ளினார். "இ…" வந்தது. உண்மையாகவே வந்தது. அடுத்ததுக்கு மூச்சு எடுத்தார். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டு, "…சரி" என்றது.

"சிரிக்கறார் பாரு!" என்றாள் மகள் அங்கிருந்து.

மறுநாள் காலையில் வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. அக்கா புறப்பட்டு நின்றாள். மனைவி அவளுக்கு ஒரு பையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக் கொடுத்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிறகு அக்கா கட்டில் பக்கம் வந்து, வெகுநாளைக்குப் பிறகு அதே பழைய இடத்தில் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் பிடித்தார். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவள் விரல்களைப் பிடித்தார். அவள் விரல் நுனிகள் வெளுத்தன. அக்கா குனிந்து அந்தக் கையையே பார்த்தாள். நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. சைக்கிள் ஓட்டிய பையனை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. இப்போது கேட்டுவிடுவாள். "ஏய், இவனுக்கு என்னமோ வேணும்" என்று இப்போது கத்திவிடுவாள். கீழே ஹாரன் மறுபடி அடித்தது.

அக்கா தலையை நிமிர்த்தி, தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றான்?"

மனைவி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க போறது தாங்கல அண்ணி அவருக்கு."

"ஆமா" என்றாள் அக்கா, ஒரு பெருமூச்சு விட்டு. "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு." அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கையைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். "போயிட்டு வரட்டுமாடா?"

"சரி" என்றார் மீட்டர்காரர்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை எடுத்துப் பயிற்சி மையத்து எண்ணை அழுத்தினாள்.

"இல்லைங்க, இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே வரல. நீங்க அந்த நேரத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க… ஆமாங்க, அவரையே கேட்டுட்டோம்."